தேடல், தடம், அழிப்பு: சில குறிப்புகள்

1

'ஹிஸ்டரி' என்ற சொல் எங்கள் பத்தமடையில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று போலீஸ் ஸ்டேஷன். 'அவனுக்கு ஹிஸ்டரி ஷீட் இருக்கு' என்றால் அந்த மனிதன் செய்ததைவிட, இனி செய்யக்கூடும் என்று கருதப்படுவதே முக்கியம் என்று பொருள். செய்தித்தாள்கள் இதைச் 'சரித்திரப் பதிவேடு' என்று கம்பீரமாக மொழிபெயர்க்கின்றன. இன்னொன்று செல்போன். 'அண்ணாச்சி, இந்த ஹிஸ்டரிய அழிச்சுக் குடுங்க' என்று போனை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் பெண்கள். ஒரே சொல் காவல்நிலையத்திலும் கைப்பேசியிலும் இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். நான் அப்படி விட விரும்பவில்லை. இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பதே இந்தக் குறிப்புகளின் வாதம்.

'தேடல்' என்ற சொல்லுக்குச் சிறுபத்திரிகைக்காரர்களிடம் ஒரு மவுசு உண்டு. சுயத்தைத் தேடுவது, இருப்பின் பொருளைத் தேடுவது என்று அது உயரத்திலேயே இருந்து வந்திருக்கிறது. இவ்வூரில் 1887இல் பிறந்த சுவாமி சிவானந்தரின் தேடல் ரிஷிகேசம் வரை போனது. இன்று பாய் நெய்யும் வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பெயரைத் தட்டும் பெண்ணின் தேடல் எங்கே போகிறது? அது கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கில் பதிவாகிறது. ராத்திரி அதே போனை எடுக்கும் அண்ணன் கண்ணில் படுகிறது. தேவைப்பட்டால் விசாரணை அதிகாரியின் மேஜைக்கும் போகும். ஆகவே அழிப்பதைப் பற்றிப் பேசும்போது, யாரிடமிருந்து அழிக்கிறோம் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

2

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்பாடு பேசுகிறவர்கள் செய்முறையைச் சொல்லமாட்டார்கள் என்ற கெட்ட பெயர் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்துக்குப் போய், மேல் மூலையில் இருக்கும் மூன்று கோட்டைத் தட்டினால் 'யுவர் ஆக்டிவிட்டி' வரும். அதற்குள் 'ரீசன்ட் சர்ச்சஸ்'. ஒவ்வொன்றாகவும் நீக்கலாம், 'கிளியர் ஆல்' கொடுத்து மொத்தமாகவும் நீக்கலாம். ஃபேஸ்புக்கில் 'ஆக்டிவிட்டி லாக்' என்ற பகுதிக்குள் 'சர்ச் ஹிஸ்டரி' தனியாக இருக்கிறது. யூடியூபில் செட்டிங்ஸுக்குள் 'மேனேஜ் ஆல் ஹிஸ்டரி'. அங்கே 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று ஒரு கெடு வைத்துத் தானாகவே அழியும்படி செய்துவிடலாம். பதிவாகாமல் நிறுத்தியும் வைக்கலாம். இந்தப் பெயர்களையும் இடங்களையும் நிறுவனங்கள் அடிக்கடி மாற்றும். 'ஹிஸ்டரி', 'ஆக்டிவிட்டி' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும்.

இதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. போனிலேயே இன்னும் இரண்டு இடம் உண்டு. ஒன்று பிரௌசர், செயலிக்குள் தேடாமல் கூகுளில் தேடியிருந்தால் அதன் பட்டியல் தனி. மற்றது விசைப்பலகை. நீங்கள் அடிக்கடி தட்டும் பெயரை அது மனப்பாடம் செய்துகொள்கிறது. பட்டியலை முழுக்கத் துடைத்தபின்னும், வீட்டில் வேறு யாரோ 'க' என்று தட்டியதும் முழுப் பெயரையும் எடுத்துக் கொடுத்துவிடும். விசைப்பலகையின் செட்டிங்ஸில் அது கற்ற சொற்களை நீக்க வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

3

இவ்வளவும் செய்தபின் என்ன அழிந்திருக்கிறது? இங்கேதான் ஃப்ராய்ட் தேவைப்படுகிறார்.

திருவிழாக் கடைகளில் மேஜிக் சிலேட்டு என்று ஒன்று விற்பார்கள். மேலே கண்ணாடித்தாள், கீழே மெழுகு. குச்சியால் எழுதினால் எழுத்து தெரியும். தாளைத் தூக்கினால் மறைந்துவிடும், மறுபடி எழுதலாம். 1925இல் வெளியான ஒரு சிறிய கட்டுரையில் ஃப்ராய்ட் இந்த விளையாட்டுச் சாமானை மனத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டார். மேல்தாள் எப்போதும் புதிதாக இருக்கிறது. ஆனால் அடியிலுள்ள மெழுகில் எழுதியதன் தடம் தங்கிவிடுகிறது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் படிக்கலாம். மேல்தாள் நனவு, மெழுகு நனவிலி. 1966இல் தெரிதா இந்த உவமையை எடுத்துக்கொண்டு, தடம் என்பது எழுத்துக்குப் பின்னால் மிஞ்சுவதல்ல, எழுத்தே தடமாகத்தான் சாத்தியமாகிறது என்று வாதிட்டார்.

'கிளியர் ஆல்' என்பது தாளைத் தூக்குவது. மெழுகு நம்மிடம் இல்லை. ஃப்ராய்டின் சிலேட்டில் தாளும் மெழுகும் ஒரே குழந்தையின் கையில் இருந்தன. நம் காலத்தின் புதுமை, தாளை நம்மிடம் கொடுத்துவிட்டு மெழுகை வேறொருவர் வைத்துக்கொண்டதுதான். இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. ஃபேஸ்புக் 2018இல் வெளியிட்ட தரவுக் கொள்கையிலேயே இது எழுதியிருந்தது: தேடியதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கலாம், ஆனால் அந்தத் தேடலின் பதிவு 6 மாதம் கழித்தே அழிக்கப்படும். நமக்கு ஒரு பட்டியல், அவர்களுக்கு ஒரு பட்டியல். பயனாளி பார்ப்பது பிரதியின் பிரதி.

அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு. தேடிய சொல் அழிந்தாலும், தேடியதிலிருந்து நிறுவனம் ஊகித்துக்கொண்டது தங்கிவிடுகிறது. நீங்கள் எந்த வயது, எதில் ஆர்வம், எதை வாங்கக்கூடும் என்ற கணிப்பு அது. கருத்தடை பற்றித் தேடிய பெண் பட்டியலை அழித்துவிடுகிறாள். மறுநாள் அவள் திரையில் அது சம்பந்தமான விளம்பரமே வந்து நிற்கிறது, அதுவும் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. பட்டியல் போச்சு, முடிவு போகவில்லை. இதற்காகத்தான் விளம்பர விருப்பங்களையும் பரிந்துரைகளையும் தனியே திருத்த வேண்டியிருக்கிறது. பரிந்துரைகளை மொத்தமாகப் புதிதாக்கும் வசதி ஒன்றை இன்ஸ்டாகிராம் 2024 நவம்பரில் அறிவித்தது. 'ரகசிய' ஜன்னலில் தேடினால் தப்பலாம் என்ற நம்பிக்கையும் முழுசாகச் சரியில்லை. அப்படித் தேடியவர்களின் தகவலைத் திரட்டியதாகத் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024 ஏப்ரலில் சம்மதித்தது. இல்லாத மெழுகை அழிக்கச் சம்மதிக்க வேண்டியதில்லையே.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு 2006 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவும் என்று சுமார் ஆறரை லட்சம் பேரின் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர் இல்லை, எண் மட்டும்தான். சில நாட்களுக்குள் பத்திரிகைக்காரர்கள் ஒரு எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்து, அந்த எண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஊர்ப்பெயர், உறவினரின் குடும்பப்பெயர், நோய், நாய். இவை போதுமானவையாக இருந்தன. தேடல்களின் வரிசையே ஒரு கையெழுத்து.

4

மிஷெல் ஃபூக்கோ 1975இல் ஒரு தலைகீழாக்கத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு காலத்தில் எழுதிவைக்கப்படுவது மேலோரின் உரிமை. எங்கள் பக்கத்துச் சேரன்மாதேவியில் கல்லில் நிற்பவை சோழ பாண்டிய அரசர்களின் பெயர்கள்தான்; கோரை அறுத்தவளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நவீன அதிகாரம் இதைப் புரட்டிப்போட்டது. நோயாளி, பைத்தியம், மாணவன், குற்றவாளி என்று கீழே இருப்பவர்களை நாள் விடாமல் எழுதிவைப்பதே அதன் வேலையாயிற்று. எழுதப்படுவது பெருமை என்ற நிலை போய், எழுதப்படுவது பிடிக்குள் அகப்படுவது என்றாயிற்று.

நம் மண்ணில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911 சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்கள் என்று பட்டியல் போட்டு ரேகை வாங்கினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் 1952இல் நீங்கியது. பட்டியல் போடும் பழக்கம் நீங்கவில்லை.

கரக் சிங் என்பவரின் வழக்கு இங்கே முக்கியம். உத்தரப் பிரதேசத்தில் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர்மேல் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. ராத்திரி வந்து கதவைத் தட்டுவது, எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று குறிப்பெடுப்பது. 1962இல் உச்சநீதிமன்றம் ராத்திரிக் கதவு தட்டலை மட்டும் தடை செய்தது. அந்தரங்கம் என்று ஒரு உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அது தவறு என்று சொல்ல 55 வருடம் பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். ஆக, இந்தியாவில் அந்தரங்கம் என்ற உரிமையின் கதை ஒரு ஹிஸ்டரி ஷீட்டிலிருந்து தொடங்குகிறது. செல்போனின் ஹிஸ்டரியைப் பற்றிப் பேசும் நாம் அந்தக் கதையின் பிற்பகுதியில் இருக்கிறோம்.

ஒரு வித்தியாசம் மட்டும். கரக் சிங்கின் ஷீட்டைப் போலீஸ்காரர் எழுதினார். நம்முடையதை நாமே எழுதுகிறோம். யாரும் கேட்காமல், ராத்திரி 12 மணிக்கு, படுத்துக்கொண்டு.

5

ஆனால் 'நாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் ஒரு மோசடி இருக்கிறது. ஒரே தேடலை யார் செய்தது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. 'வெடிகுண்டு எப்படி வேலை செய்கிறது' என்று ஒரு அக்கிரகாரத்துப் பையன் தேடினால் அது அறிவியல் ஆர்வம். முஸ்லிம் தெருவிலிருந்து ஒரு பையன் தேடினால் அது தடயம். பிரதி ஒன்றுதான், வாசிப்பு வேறு. பிரதிக்குப் பொருள் வாசகனால் வருகிறது என்று 80களிலும் 90களிலும் உற்சாகமாகப் பேசினோம். அந்த வாசகன் காக்கி உடுத்தியிருந்தால் என்னவாகும் என்று அவ்வளவாகப் பேசவில்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். பாய் ஆர்டர் வருவதும், பிள்ளை படிப்பதும், சுயஉதவிக்குழுத் தகவல் வருவதும் ஒரே போனில்தான் என்ற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. இங்கே அந்தரங்கம் ஒரு ஆளுக்குரியதல்ல, முறை வைத்துக் கிடைப்பது. அண்ணனின் தேடல் 'வயசு'. தங்கையின் தேடல் 'மானம்'. வேறு சாதிப் பையன் பெயரை ஒருத்தி நாலு தடவை தட்டியிருப்பது இந்த ஜில்லாவில் உயிர்ப் பிரச்சினை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற 27 வயது தலித் மென்பொருள் பொறியாளர், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். நான் பேசுவது அந்த வழக்கைப் பற்றியல்ல, அது நடந்த மண்ணைப் பற்றி. இந்த மண்ணில் 'மறைக்க ஒண்ணும் இல்லன்னா பயம் எதுக்கு' என்று கேட்பவர்கள், மறைத்தால்தான் வாழ முடியும் என்ற நிலையில் இருப்பவர்களைப் பற்றி யோசித்ததே இல்லை.

இங்கே ஒரு நடைமுறை யோசனை. பட்டியலை முழுசாகக் காலியாக வைக்காதீர்கள். காலிப் பட்டியலும் ஒரு பிரதிதான். 'எதையோ அழிச்சிருக்கா' என்று அதையும் வாசிப்பார்கள். வேண்டாததை மட்டும் எடுத்துவிட்டு, சினிமாவும் சமையலும் கிடக்க விடுங்கள். அல்லது கெடு வைத்துத் தானாக அழியும்படி செய்துவிடுங்கள். அப்போது வெறுமை உங்கள் செயலாக இல்லாமல் செட்டிங்ஸின் குணமாகிவிடும். செயலிக்குத் தனிப் பூட்டு, முடிந்தால் போனிலேயே தனிக் கணக்கு. இவை அண்ணனிடமிருந்து காக்கும். நிறுவனத்திடமிருந்து காக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செயல்பாட்டாளர்களுக்கு இன்னொன்று. வழக்கு பதிவாகி, உங்கள் கருவியைக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தபின் அழிப்பது வேறு விஷயம். சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி குற்றம். அழிப்பது அன்றாடப் பழக்கமாக, எந்த வழக்கும் இல்லாத காலத்திலேயே இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 3 அன்று டெல்லியில் நியூஸ்கிளிக் பத்திரிகையாளர்கள் பலரின் போன்களும் மடிக்கணினிகளும் ஒரே நாளில் பறிமுதலானது நினைவிருக்கும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் வெளியிலிருந்து கோப்புகள் புகுத்தப்பட்டிருந்தன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்செனல் 2021இல் அறிக்கை தந்தது. நாம் எழுதியதை அழிப்பதோடு பிரச்சினை தீரவில்லை. நாம் எழுதாததும் நம் ஹிஸ்டரியில் இருக்கக்கூடும்.

6

அழிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறதா? 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதே விதிகளில், தனிநபர் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு கை அழிக்கும் உரிமையை நீட்டுகிறது, மறு கை மெழுகைப் பத்திரப்படுத்தச் சொல்கிறது. யாருக்காகப் பத்திரம்? அரசுக்கு வேண்டியிருக்கும்போது கேட்பதற்காக.

இன்னொரு மாற்றமும் அதோடு வந்தது, இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனப்படும் உட்பிரிவைத் திருத்திவிட்டது. 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லி அதிகாரிகள் தகவலை மறுக்க முன்பு சில நிபந்தனைகள் இருந்தன. அவை போய்விட்டன. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) மிஞ்சியிருக்கிறது, அதுவும் அதிகாரியின் மனசைப் பொறுத்து. அந்தரங்கம் என்ற பெயரில் மறைவு கிடைத்திருப்பது யாருக்கு என்று பாருங்கள்.

மதுரையில் நடந்த வழக்கு ஒன்று இந்தச் சிக்கலை முழுசாகக் காட்டுகிறது. குற்றம் சாட்டப்பட்டுப் பின் உயர்நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்ட ஒருவர். அவர் பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்து நிற்கிறது. விடுதலை என்று கடைசி வரியில் இருந்தாலும் தேடுகிறவர்கள் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். பெயரை மறைக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இருநீதிபதி அமர்வு மறைக்கச் சொன்னது. 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையும் அவருடைய ஹிஸ்டரியில் சேரும். மறுபுறம், 1994இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான நக்கீரன் ராஜகோபால் வழக்கில், தனித்திருக்கும் உரிமையை ஏற்றுக்கொண்ட அதே உச்சநீதிமன்றம், நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களை வைத்து எழுதுவதைத் தடுக்க முடியாது என்றும் சொன்னது. அதிகாரிகள் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்த காலத்தில் அந்த வாக்கியம் பத்திரிகைகளுக்கு அரணாக இருந்தது.

ஆகவே மறதியைக் கொண்டாட நான் தயாராக இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின்மேல் போலீஸ் தடியடி நடத்தியதில் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள், ஒரு சிறு குழந்தையும் சேர்த்து. அரசு அமைத்த விசாரணை ஆணையம் போலீஸைத்தான் நியாயப்படுத்தியது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் இல்லையென்றால் அந்த நாள் அரசின் வார்த்தையில் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்தப் பதிவை அழிக்கக் கேட்கும் உரிமை யாருக்காவது இருக்கிறதா? இல்லை, இருக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. அதிகாரம் செய்தது பதிவாக வேண்டும், திறந்து கிடக்க வேண்டும். அதிகாரமில்லாதவர் தேடியது, யோசித்தது, ஆசைப்பட்டது அழியும் வசதியோடு இருக்க வேண்டும். நடப்பு இதற்கு நேர் எதிர். அமைச்சரின் கோப்பு 'தனிப்பட்ட தகவல்'. நெசவுக்காரியின் ராத்திரித் தேடல் 6 மாதத்துக்கோ, ஓராண்டுக்கோ பத்திரம்.

'கிளியர் ஆல்' பொத்தானை அழுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அண்ணனிடமிருந்து இன்று ராத்திரியைக் காப்பாற்றித் தரும். எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதை அழுத்தியதும் அந்தரங்கம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால், தாளைத் தூக்கிப் பார்த்து மகிழும் குழந்தையாகிவிடுவோம். மெழுகு யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் கேட்டால் கொடுக்கப்படுகிறது? இந்தக் கேள்விகளுக்குச் செட்டிங்ஸில் பொத்தான் கிடையாது. அவற்றைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும்தான் கேட்க வேண்டும்.